பதினைந்து வயது தாண்டிய எண்ணூறுகளின் சொந்தக்காரர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

அப்பா ஓட்டிய மாருதி 800-ஐ விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டவர்கள், பெரியப்பா வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தவர்கள், முதல் சம்பளத்தில் பழைய வண்டி ஒன்றைப் பேரம் பேசி முடித்தவர்கள் என்று உங்களில் பல வகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது மட்டும் எல்லோருக்கும் பொது. நானும் அந்தக் கூட்டம்தான். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 மாசுக் கட்டுப்பாடு வந்தது. அதற்கேற்ப எண்ணூறின் இன்ஜினை மாற்றுவதில்லை என்று மாருதி முடிவு செய்து, அந்த ஊர்களில் 800 விற்பதை நிறுத்திக்கொண்டது. மற்ற ஊர்களில் இன்னும் சில வருடம் விற்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றுபோனது. ஆக, சென்னை ஷோரூம்களிலிருந்து புதிதாக இறங்கிய கடைசி எண்ணூறுக்கும் பதினைந்து வயது முடிந்தாயிற்று. ஆர்.சி.யைப் புதுப்பிப்பதா, எடைக்குப் போடுவதா என்ற கேள்வி வீடு வீடாக வந்து நிற்கிறது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. இத்தனையையும் கட்டி வண்டியை வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தவர்கள் நீங்கள்.

சந்தோஷம். ஆனால் முடிவெடுத்த கையோடு நீங்கள் வாங்கும் சாமான்களைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அலாய் வீல், எல்இடி ஹெட்லைட், டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ, வீதியையே எழுப்பும் சைலன்சர். அதே வண்டியில் பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்தினால் வெடிப்பு வெடிப்பாகத் தெரிகிறது. பின் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்து கோடு போட்டிருக்கிறது.

796 சிசி, மூன்று சிலிண்டர், பெரும்பாலான மாடல்களில் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத இன்ஜின், 650 கிலோ அளவில் எடை. இவ்வளவு சின்ன வண்டியில் எந்த அளவும் சும்மா வைத்ததில்லை. கம்பியின் தடிமன், டயரின் அகலம், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் எல்லாமே ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்தவை. உங்கள் வண்டி இன்று இழுக்கவில்லை, கொதிக்கிறது, ராத்திரியில் வழி தெரியவில்லை என்றால் அந்தக் கணக்கு எங்கோ குலைந்திருக்கிறது. வயதால் குலைந்தது கொஞ்சம்தான். நடுவில் வைத்திருந்தவர்களும் பட்டறைக்காரர்களும் அவசரத்துக்குச் செய்த கைவைத்தியங்களால் குலைந்தது அதைவிட அதிகம். அதனால் முதல் வருடம் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். வண்டி இழந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். அதை முடித்தாலே, மேம்படுத்த வேண்டும் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பாதி தேவைப்படாது.

கூலிங்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். எண்ணூறு ரோட்டோரம் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலண்ட் தெரிந்தால் உங்களுக்கு முன் வைத்திருந்தவர் நல்ல மனிதர். கடுந்தேநீர் நிறத்தில் தெரிந்தால் வருடக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் சுருங்கியிருக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். ரேடியேட்டர் ஹோஸ் இன்ஜினில் சேரும் இடத்தில் சின்ன மூடிக்குள் அது உட்கார்ந்திருக்க வேண்டும். கழற்றிப் பாருங்கள், இருக்காது. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்” என்று எப்போதோ ஒருவர் எடுத்து எறிந்திருப்பார். இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்த வேலை மாறாது. அது இல்லாத இன்ஜின் நெடுநேரம் அரைச் சூட்டிலேயே ஓடும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். மைலேஜும் போகும், பிஸ்டன் ரிங்கும் தேயும்.

மூன்றாவது, ஃபேன். சூடு ஏறியதும் அதை ஓட்டிவிடும் தெர்மோ சுவிட்ச் ஒன்று உண்டு. அது கெட்டுப்போனால் மாற்றாமல் ஃபேனை ‘டைரக்ட்’ பண்ணிவிடுவது பட்டறை வழக்கம். ஏசி போடாமலே, சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் உங்கள் வண்டியிலும் அது நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது. இந்தக் கைவைத்தியங்கள் ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கும். பாதி அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் இல்லாததாலும் ஃபேன் ஓயாமல் சுற்றுவதாலும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஆர்வத்தில் புது தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டால் மறுநாள் சிக்னலில் வண்டி கொதிக்கும். “பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்” என்று மெக்கானிக் அதைத் திரும்பக் கழற்றுவார். தெர்மோஸ்டாட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததே இப்படித்தான். ஆகவே கூலிங் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யாதீர்கள். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே குத்திச் சுத்தம் செய்யக் கொடுங்கள். அது திரும்பி வருவதற்குள் ஹோஸ், கிளாம்ப், தெர்மோஸ்டாட், தெர்மோ சுவிட்ச், மூடி எல்லாவற்றையும் வாங்கி வைத்து, ஒரே மூச்சில் மாட்டிக் கூலண்ட் ஊற்றுங்கள்.

மூடியை அற்பமாக நினைக்கிறார்கள். அதில் 0.9 என்று அடித்திருக்கும். அந்த அளவு அழுத்தத்தை உள்ளே தேக்கி வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பதினெட்டு டிகிரியையும் காற்றில் விட்டுவிடுகிறது. எண்ணூறின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். நன்றாக ஒருமுறை கொதித்தால் போதும், ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். அப்புறம் ஹெட்டை இறக்கு, லேத்தில் கொடுத்து ஃபேசிங் பண்ணு, திரும்ப ஏற்று என்று ஆகும் செலவில் இந்த மூடி எத்தனை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் உங்களுக்கு முந்தைய தலைமுறை எண்ணூறுக்காரர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி உங்களுக்கு உண்டு. பங்கில் இன்று நாம் அடிப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்கு என்று வைத்திருந்த இந்த இலக்கை அரசு 2025-க்கு முன்னால் இழுத்துக்கொண்டது. 1983 டிசம்பரில் முதல் 800 சாலைக்கு வந்தபோது எத்தனால் யார் கணக்கிலும் இல்லை. பழைய ரப்பர்கள் பலவற்றை அது ஊதவைக்கும், மென்மையாக்கும், பிறகு வெடிக்கவும் வைக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் அந்த ஈரம் அடியில் தங்கித் துரு பிடிக்கும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட் வழியாக அதே அளவு எரிபொருள் போனாலும் கலவை மெலிந்துவிடும். சென்சரும் கணினியும் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டி தானாக ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காலையில் சோக் இழுத்தாலும் சிணுங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது என்றெல்லாம் சொல்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். மிக்சர் ஸ்குரூவைத் திருகினால் ஐடில் மட்டும்தான் சீராகும். ஓட்டத்தில் இருக்கும் மெலிவைச் சரிக்கட்ட ஜெட் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜப்பானிய மிகுனியின் கூட்டுறவில் மாருதிக்கான கார்புரேட்டர்கள் செய்யப்பட்டது சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில்தான். அந்தப் பக்கத்தில் கார்புரேட்டரைக் கையில் எடுத்ததுமே உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உண்டு. தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் மாற்றுவதை நீங்களே செய்யலாம். செய்யவும் வேண்டும். டேங்கிலிருந்து இரும்புக் குழாய், அங்கிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் வழி என்று ரப்பர் வரும் இடமெல்லாம் மாற்றுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதா ஹோஸ் வேண்டாம். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருப்பதைக் கேளுங்கள். அதன் உள்சுவர் எத்தனால் தாங்கும். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும், யோசிக்காதீர்கள். பம்புக்குள் இருக்கும் டயஃபிரமும் ரப்பர்தான், அதையும் கையோடு பார்த்துவிடுங்கள். வேலையைத் திறந்த வெளியில், பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிட்டு, சுற்றி யாரும் பீடி சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பானை முன் சீட்டுக்கு அடியில் வையுங்கள். நான் சிபாரிசு செய்யும் முதல் ‘ஆக்சசரி’ அதுதான்.

இனி விளக்கு. நீங்கள் எல்லோரும் எல்இடிக்குத் தாவுவது இந்த இடத்தில்தான். ஹெட்லைட் மங்கல் என்கிறீர்கள், சரி. பல்பை மாற்றும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரி முனைகளில் அளங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. பிறகு ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் கனெக்டரிலேயே, பல்பு எரியும்போது அளங்கள். 11.5, 12 என்று இறங்கியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பாக்ஸ், அங்கிருந்து ஸ்டீரிங்கில் இருக்கும் சுவிட்ச், திரும்ப முன்னால் விளக்கு என்று ஒல்லிக் கம்பியில் நீள நெடுகச் சுற்றிவரும் மின்சாரம் அது. இருபது வருடப் பச்சை பிடித்த கனெக்டர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் தொலைகிறது. இழை பல்பில் வோல்டேஜ் குறையும் அதே விகிதத்தில் வெளிச்சம் குறைவதில்லை. பத்து சதவீத வோல்டேஜ் போனால் ஏறத்தாழ முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். பல்பு குற்றமே செய்யவில்லை, அதற்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை.

இதற்கு வைத்தியம் ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டு நான்கு கால் ரிலே. 30 என்ற காலுக்குப் பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, நடுவில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். 87 என்ற காலிலிருந்து விளக்குக்கு அதே தடிமன் கம்பி. 85, 86 கால்களில் ஒன்றுக்கு எர்த், மற்றதற்குப் பழைய ஹெட்லைட் ஒயர். அந்தப் பழைய ஒயர் இனி ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், பாரம் சுமக்க வேண்டாம். விளக்கு எர்த்தையும் புதிதாக, பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போட்டு இறுக்குங்கள். ரெடிமேட் கிட் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய வடிவமைப்புள்ள வண்டிகள் சிலவற்றில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் இருக்கும். டெஸ்ட் லேம்ப் வைத்து உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் விளக்கு ஒழுங்காக எரியாது. ஒழுங்காக முடித்துவிட்டு, பழைய 60/55 வாட் ஹாலஜன் பல்பையே போட்டு ராத்திரி ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். அந்த ரிஃப்ளெக்டர் இழை இருக்கும் இடத்தை வைத்து வளைக்கப்பட்டது. அதில் எல்இடியைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறி, எதிரே பைக்கில் வருபவர் கண்ணைத்தான் குத்தும்.

ஒயரிங்கில் கை வைக்கும்போது, முன்பு யாரோ போட்ட அலாரம், சென்ட்ரல் லாக், ஆம்ப்ளிஃபயர் என்று டேப் சுற்றித் தொங்கும் அத்தனையையும் உருவி எடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு பை நிறைய வரும். வண்டிக்கே பெருமூச்சு விட்டதுபோல இருக்கும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர் ஒன்றாவது அதில் அகப்படும்.

பாயிண்ட் போட்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளவர்கள் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிக்கொள்ளலாம். அது மாதிரி மேம்பாட்டுக்கு நான் விரோதி இல்லை. பாயிண்டைத் தேய்த்து, கேப் வைத்து, கண்டென்சரைச் சந்தேகப்படும் வேலை மிச்சம்.

சக்கரம் பற்றி நான் என்ன சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூறின் டயர் 145/70 ஆர்12. அதன் விட்டம் 508 மில்லிமீட்டர் அளவு. நீங்கள் ஆசைப்படும் 155/65 ஆர்13 போட்டால் 532 ஆகிவிடும். மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63 போய்க்கொண்டிருப்பீர்கள். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டி, திருப்பத்தில் தோள்பட்டை பேசும். ஆளேறினால் ஃபெண்டரில் உரசும். முதல் கியரில் எடுக்கும் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும், ஏற்கெனவே குறைவாக இருப்பதில். நல்ல 12 அங்குல டயருக்கு அந்தப் பணத்தைப் போடுங்கள். வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று பத்து வயது டயரில் ஓட்டுபவர்கள் உங்களிலும் உண்டு. பட்டன் இருக்கும், ரப்பரில் உயிர் இருக்காது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு இன்ஜின், வெட்டி ஒட்டிய பாடி, கூரையை எடுத்துவிட்டு ஓட்டுவது எல்லாம் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நன்றாக இருக்காது. வண்ணம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிந்துவிடுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். இதை மட்டும் முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க, நீங்கள் கை வையுங்கள். பின் டிரம்மைக் கழற்றினால் கறுப்புத் தூள் கொட்டும். அதை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் பறக்கவிடுவதும் பட்டறை வழக்கம். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம், நுரையீரலில் போய்த் தங்கினால் தங்கியதுதான். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் போய்விட்டது, ‘கொஞ்சம்தானே கசியுது’ என்று திரும்ப மூடாதீர்கள். அந்த ஷூவும் ஆயிலில் ஊறியிருக்கும். பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதுவும் வேண்டாம். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஏலகிரியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது பெடல் திடீரென்று பஞ்சாகிப்போனதாகச் சொல்பவர்களிடம் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும். வண்டிக்கு அடியில் படுக்கும் எந்த வேலைக்கும் ஸ்டாண்ட் வேண்டும். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான்.

சாமானுக்கு நீங்கள் அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. அதே 796 சிசி குடும்ப இன்ஜின் ஆம்னியில் 2019 வரை ஓடியது. வெளியில் கிடைக்கும், ஆனால் எது கிடைக்கிறது என்பதில்தான் சாமர்த்தியம். சென்னையில் ஜி.பி. ரோடு புதுச் சாமானுக்கு, புதுப்பேட்டை கழற்றிய சாமானுக்கு. கோவைக்காரர்களுக்கு உக்கடம். கடையில் போய் “மாருதி வீல் சிலிண்டர்” என்றால் பதிலுக்கு வரும் கேள்விகளில் திணறிப்போவீர்கள். “எந்த வருசம்? பழைய டைப்பா, புது டைப்பா? லெஃப்டா ரைட்டா? கம்பெனியா லோக்கலா?” அதனால் கழற்றிய பழையதைத் துடைத்துக் கையோடு கொண்டுபோங்கள். கவுன்ட்டரில் வைத்தால் கேள்வியே இல்லை, எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடி, கதவு, வைண்டர், பிளாஸ்டிக், மீட்டர் இதெல்லாம் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். பிரேக், ரப்பர், பெல்ட், பேரிங் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். கேம்ஷாஃப்டை ஓட்டும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில்லோடு சொல்ல யாரும் இல்லையென்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

ஸ்பானர் செட் வாங்கும்போது அளவைப் பாருங்கள். இந்த வண்டியில் அடிக்கடி வேண்டியவை 10, 12, 14, 17. பலபேர் பெட்டியில் 11-உம் 13-உம் பளபளவென்று இருக்கும், 12 இருக்காது. ஓப்பன் ஸ்பானரைவிட ரிங் ஸ்பானர் முக்கியம், துருப்பிடித்த போல்ட்டின் தலையை அது உருட்டாது.

உங்களில் சிலர் மெக்கானிக்கை எதிரியாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றுபவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர் பணத்துக்காகக் கழற்றவில்லை. சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும், இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகக்கூடாது என்று முன்னால் நின்ற சொந்தக்காரருக்காகக் கழற்றினார். நீங்கள் நேரம் கொடுத்தால், சரியான சாமானைக் கொண்டுபோய் வைத்தால், அதே கை அதே வேலையை ஒழுங்காகச் செய்யும். ஹெட் இறக்குவது, கியர்பாக்ஸ், டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங், அலைன்மென்ட் இதெல்லாம் அவர்களுடையது. ஆயில், பிளக், ஃபில்டர், ஹோஸ், கூலண்ட், ஒயரிங், கதவு, சீட் உங்களுடையது. மூன்று பிளக்கையும் கழற்றிச் சிலிண்டர் வரிசையில் ஒரு துணியில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒன்று மட்டும் ஆயில் பூசிக் கறுப்பாக இருந்தால் அவர் பேசத் தொடங்குவார். நீங்கள் அன்று கற்றுக்கொள்வதற்குக் கூலி கொடுத்து மாளாது. கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

துருவைப் பற்றிச் சுருக்கமாக. கடற்கரை ஊர்க்காரர்கள் கால் மிதியையும் கார்பெட்டையும் எடுத்துவிட்டுத் தரைத் தகட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். முன் கண்ணாடி பீடிங் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். பேட்டரி தட்டு, பின் சக்கர வளைவு, ரன்னிங் போர்டு இதெல்லாம் அடுத்த இடங்கள். துருவை எடுக்காமல் மேலே அண்டர்கோட்டிங் அடிப்பது உள்ளே ஈரத்தை வைத்துத் தைப்பதுதான். சென்னை வண்டி வாங்குபவர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அது எங்கே நின்றது என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சீட்டை மாற்றியிருப்பார்கள், அந்த நாடாவின் உள்முனையில் காய்ந்த சேற்றுக் கோட்டை யாரும் கழுவியிருக்கமாட்டார்கள்.

கடைசியாக ஆர்.சி. புதுப்பிப்பு. காலாவதியாவதற்கு 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது விளக்கு, ஹார்ன், பிரேக் பார்ப்பார்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். சேசிஸ் நம்பரையும் பென்சிலால் ஒற்றி எடுப்பார்கள். அந்த நம்பர் உங்கள் வண்டியில் எங்கே அடித்திருக்கிறது என்று இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். மேலே எண்ணெயும் புழுதியும் இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். எமரித் தாளோ கிரைண்டரோ அந்தப் பக்கமே போகக்கூடாது. ஓர் இலக்கம் அழிந்தாலும், வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க நீங்கள் படப்போகும் பாட்டுக்கு எந்த ஸ்பானரும் உதவாது.

இப்படிக்கு,
உங்களைப் போல ஓர் எண்ணூறு வைத்திருப்பவன்